கணக்கைத் துழாவுவதா, சிவப்புக் கொடிச் சட்டமா?

நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கேட்பவர், கடந்த 3 ஆண்டுகளின் சமூக ஊடகக் கணக்குகளை எழுதித்தர வேண்டும் என்று 2022-ல் சட்டம் போட்டார்கள். கேட்க நல்லதுதான். ஆனால் அந்த வருடம் மே மாதம் அதே மாநிலத்தின் பஃபலோ நகரில் 10 பேரைச் சுட்டுக்கொன்ற 18 வயதுக்காரன் தன் திட்டத்தை எழுதிவைத்திருந்தது டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில், வெளியார் பார்க்க முடியாத தனி அறைக்குள். கணக்குப் பெயர் தெரிந்திருந்தாலும் அதிகாரியால் என்ன பார்த்திருக்க முடியும்? புனைபெயரில் பேசும் உரிமை போய்விடும் என்று சொல்லி 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த விதியை ஏற்கவில்லை.

சிவப்புக் கொடிச் சட்டம் என்பது நியூயார்க்கில் 2019-லிருந்தே இருக்கிறது. வீட்டாரோ பள்ளியோ போலீஸோ நீதிபதியிடம் போனால், ஆபத்தானவர் துப்பாக்கி வாங்கவே தடை போடலாம். அந்தப் பஃபலோ கொலையாளி 2021-ல் பள்ளியில் கொலை, தற்கொலை என்று எழுதினான், மனநலப் பரிசோதனைக்கும் போனான். நீதிமன்றத்துக்குத்தான் யாரும் போகவில்லை. எனக்கு இரண்டாவதுதான் சரி.