பழைய டொயோட்டா பிக்கப்பை மாற்றியமைத்து ஓட்டுவது: எதை முதலில் செய்ய வேண்டும்

1989 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர் வீல் டிரைவ் டொயோட்டா பிக்கப், 22ஆர்-இ இன்ஜினோடு கையில் இருந்தால், புது வண்டி தேவையே இல்லை என்பேன். டொயோட்டாவின் புது பிக்கப்பான டகோமாவின் ஆரம்ப விலையே 2024-இல் 31,500 டாலராக இருந்தது. பழைய வண்டிக்கு அதில் சிறு பங்கு போதும், செலவை வரிசை மாறாமல் செய்தால்.

முதலில் சேஸிஸ். பின் லீஃப் ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு அரித்திருக்கிறது. ஓட்டை விழுந்த சேஸிஸ் மேல் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள்.

அடுத்தது டைமிங் செயின், அதாவது கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியோடு வால்வுகளை ஒத்து இயக்கும் சங்கிலி. இந்த இன்ஜினின் பெரிய பலவீனம் இதுதான். செயினின் பிளாஸ்டிக் கைடு நாளாக நாளாக உடையும். தளர்ந்த செயின் டைமிங் கவரை உரசி அறுக்கும். அதற்குப் பின்னால்தான் கூலண்ட் ஓடுகிறது. கவர் துளைந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்து பேரிங் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். இரும்பு முதுகுள்ள கைடு, செயின், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கவரைக் கழற்றும்போது ஒரு போல்ட் கண்ணுக்குத் தப்பும். சிலிண்டர் ஹெட்டின் முன்நுனியில், செயின் மாட்டும் மேல் பல்சக்கரமான கேம் ஸ்பிராக்கெட்டுக்கு முன்னால் தேங்கிக் கிடக்கும் ஆயிலுக்கு அடியில், மேலிருந்து கீழாகக் கவருக்குள் இறங்கியிருக்கும். ஆயிலை உறிஞ்சி எடுத்து அதைக் கழற்றாமல் கவரை நெம்பினால் கவர் உடையும்.

இன்ஜின் சரியான பிறகே டயர். 31x10.50ஆர்15 அளவு டயர் பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே, அதாவது வண்டியை உயர்த்தாமலே உட்காரும்; ஃபெண்டர் ஓரத்தில் உரசும் இடத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டி வரலாம். ஆனால் பழைய 225/75ஆர்15 டயரைவிட இது ஏறக்குறைய 9 சதவீதம் பெரியது. டிஃபரன்ஷியலின் 4.10 கியர் விகிதம் நடைமுறையில் 3.74 ஆகிவிடும். 116 குதிரைத்திறன் இன்ஜின் மேட்டில் ஐந்தாவது கியரைத் தாங்காது. 4.56 போட்டால் பழைய இழுவை திரும்பும். முன் டிஃபரன்ஷியலிலும் அதே விகிதம் இருக்க வேண்டும், இல்லையேல் ஃபோர் வீல் போட்டவுடன் கியர்கள் ஒன்றையொன்று இறுக்கும்.

முன்பக்க உயரத்துக்கு, ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டான டார்ஷன் பாரை முறுக்குவது மலிவான வழி. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். பின்பக்கத்தை உயர்த்துகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது பிரேக் வால்வு. பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த இந்த வால்வு, பாடி உயர்ந்ததும் பாரமில்லை என்று கணக்கிட்டுப் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் பிராக்கெட்டையும் அதே அளவு உயர்த்துங்கள்.

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பை மட்டும் குறை சொல்லாதீர்கள். மின்னோட்டம் ஸ்டீயரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் வோல்டேஜ் இறங்குகிறது. ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் வெளிச்சம் தெளிவாகக் கூடும். ஆனால் டொயோட்டா சுவிட்ச் கிரவுண்ட் (நெகட்டிவ்) பக்கத்தை இணைப்பது. அதனால் பாசிட்டிவ் பக்கத்தை இணைக்கும் சுவிட்சுக்கான சாதாரண ரிலே ஹார்னஸ் (ஒயர் தொகுப்பு) வேலை செய்யாது.

கலிபோர்னியாவில் ஸ்மாக் (புகை) சோதனை உண்டு, வெளியேறும் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆரைக் கழற்ற முடியாது. இந்த மாடலில் ஏர்பேக் கிடையாது. தினமும் குழந்தைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.