திருவலம் வழியா, ஆரணி வழியா?

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கு எங்கள் முதன்மைக் கண்ணாடி இழைக் கேபிள் மேல்விஷாரம் வழியாக நெடுஞ்சாலை ஓரத்திலேயே போகிறது. ஜேசிபி எங்கே பள்ளம் எடுத்தாலும் முதலில் சிக்குவது அதுதான். மாற்றுப் பாதைக்கு இரண்டு வழிகள் வாடகைக்குக் கிடைத்தன. காட்பாடி, திருவலம், ராணிப்பேட்டை சுற்றி வந்தால் சுமார் 35 கிலோமீட்டர். கண்ணமங்கலம், ஆரணி, திமிரி சுற்றினால் 60க்கு மேல். வாடகை கிலோமீட்டர் கணக்கில் என்பதால் திருவலம் மலிவு. நான் ஆரணியை எடுத்தேன்.

“நீளம் கூடினால், கேபிள் அறுந்தபின் இணைப்பு மீள்வதும் தாமதமாகுமே?” என்றார் கூட்டாளி. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோசெகண்ட் ஆகிறது. கூடுதலாக 30 கிலோமீட்டர் என்றாலும் 150 மைக்ரோசெகண்ட்தான். ஒரு மில்லிசெகண்டில் ஆறில் ஒரு பங்குகூட நிறையாது. முதன்மை வழியும் மாற்று வழியும் சேர்ந்த இத்தகைய வளைய வலையமைப்பு மீள்வதற்கு, ஜி.841 என்ற சர்வதேசத் தொலைத்தொடர்புத் தரம் வைக்கும் கெடு 50 மில்லிசெகண்ட்; அதுவே 1200 கிலோமீட்டர் வரை இடம் தருகிறது. ஆனால் கூடவே 16 நிலையங்கள் என்றும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கேபிள் அறுந்த பிறகு, வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் அறுந்த செய்தியை வாங்கிப் படித்து, தன் இணைப்பைத் திருப்பி, அடுத்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் சில மில்லிசெகண்டுகள் கரைகின்றன. பஸ்ஸைத் தாமதப்படுத்துவது தூரத்தைவிட நிறுத்தங்கள் அல்லவா? திருவலம் வழியில் ஆறு நிலையங்கள், ஆரணி வழியில் மூன்று. நள்ளிரவில் கருவியில் செருகியிருந்த மஞ்சள் இணைப்பு இழையை (பேட்ச் கார்டு) கையால் உருவிச் சோதித்தோம். குறுகிய வழிதான் 50ஐத் தாண்டியது.

இரு வழியிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, வாங்கும் முனையில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அதற்கு எந்நேரமும் இரட்டைக் கொள்ளளவை ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கள் பைக்கு அது கட்டாது.

திருவலம் வழி பாலாற்றை இருமுறையும் பொன்னையாற்றை ஒருமுறையும் கடக்கிறது. 2021 டிசம்பரில் அங்கே பொன்னையாற்று ரயில் பாலம் பழுதாகி ரயில்கள் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆரணி வழியிலும் குறை உண்டு. கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் என்றாலே 12ஐத் தாண்டுகிறது ஒளி இழப்பு. கேபிள் வெட்டுப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு ஒட்டு கூடுகிறது, அதோடு இழப்பும் கூடுகிறது. இரண்டு மழைக்காலம்தான் ஓட்டியிருக்கிறேன். ஒட்டுகள் பெருகினால் வழியில் ஒளியை வலுப்படுத்தும் ஒரு பெருக்கி வைக்க வேண்டிவரலாம். அந்தச் செலவை வாடகையோடு சேர்த்துக் கூட்டாளியிடம் இன்னும் சொல்லவில்லை.