கால் திருகில் சாய்கிற சத்தம்: குட்டி ஆம்ப்புடன் இரண்டரை வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை பர்கூரிலிருந்து மச்சான் போன் பண்ணினான். "மாமா, நீங்க வச்சிருக்கீங்களே அந்தக் குட்டி ஆம்ப்பு, ரெண்டாயிரம் ரூபா குறைச்சுப் போட்டிருக்காங்க, வாங்கிடட்டுமா?" ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர், இரண்டரை வருடமாகத் தினமும் கேட்கிற சாமான், ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆலையில் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சத்தத்தைப் பெருக்குகிற 3255 என்ற சிப் போட்ட பெட்டி, 32 வோல்ட் அடாப்டர், ப்ளூடூத், பின்பக்கம் டேப் டெக் மாதிரி சாமானின் ஒயரைச் சொருக ஒரு ஜோடி ஆர்சிஏ துளை. மற்றதெல்லாம் தெரிந்த விவரம்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறை இந்த விலைக்கு வருகிற பெட்டிகளில் பரவலாக இருப்பது, ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தைத் தாண்டி, மாந்தோப்புப் பக்கம். சுற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் கரண்ட் 170, 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இதற்கு முன்னால் இருந்தது கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் அசெம்பிள் பண்ணி வாங்கிய செட், 7294 என்ற பழைய ரகச் சிப் போட்ட போர்டு இரண்டு, தூக்கினால் கை வலிக்கிற டிரான்ஸ்பார்மர். அதைக் குறைத்துப் பேச மாட்டேன், பன்னிரண்டு வருடம் உழைத்தது. ஆனால் கரண்ட் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும், கொஞ்சம் சத்தம் வைத்தாலே பாஸ் என்கிற கனத்த ஒலி உடையும், ராத்திரியில் டிரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று முனகுவது பாட்டோடு சேர்ந்து கேட்கும். புது ஆம்ப்பின் அடாப்டருக்கு 100 முதல் 240 வரை எது வந்தாலும் சரி, 32 வோல்ட்டைக் கொடுத்துவிடுகிறது. முனகல் இல்லை. மே மாத வெயிலிலும் பெட்டி வெதுவெதுப்பைத் தாண்டியதில்லை. டி கிளாஸ் ஆம்ப், அதாவது கரண்ட்டை அதிவேகமாக ஆன் ஆஃப் பண்ணிச் சத்தத்தைப் பெருக்குகிற ரகம் என்பதால் சத்தமாக வைக்கும்போது எடுக்கிற கரண்ட்டில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போய்விடுகிறது, சூடாகி வீணாவது கொஞ்சம்தான்.

வாட் கணக்கைப் பற்றி மச்சானுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். அட்டைப்பெட்டியில் 300+300 என்று போட்டிருக்கிறது. சிப்பால் அது முடியும், 50 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டி, பத்து சதவீதம் சத்தம் சிதைந்தாலும் பரவாயில்லை என்றால். நம் கையில் இருப்பது 32 வோல்ட், ஸ்பீக்கர் 8 ஓம். 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024, அதை ஓமைப்போல் இரண்டு மடங்கான 16-ஆல் வகுத்தால் 64. பக்கத்துக்கு 64 வாட், சத்தம் சிதையாமல் அதற்கு மேல் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. அடாப்டரே 5 ஆம்பியர்தான், மொத்தம் 160 வாட். இந்தக் கணக்கை யாரும் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் பொருந்தும்.

64 வாட்டே எனக்கு அதிகம். என் ஸ்பீக்கர் 87 டெசிபல் ரகம், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது தாராளமான சத்தம். நான் ராத்திரி கேட்பது 60 டெசிபல் அளவில். 27 டெசிபல் கீழே இறங்கினால் வாட் கணக்கு ஐந்நூறில் ஒன்றாகச் சுருங்கும். இரண்டு மில்லிவாட்! கடையில் எல்லோரும் 300-ஐப் பற்றிப் பேசுகிறார்கள், நான் தினமும் பயன்படுத்துவது ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. அந்த ஐந்நூறில் ஒரு பங்கில் இந்த ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் என் பிரச்சினை முழுவதும்.

நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மே கடைசியில் பெங்களூரா காய் லோடு லோடாக வரத் தொடங்கினால் இரண்டு மாதம் வீடு திரும்பப் பதினொரு மணி ஆகும். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், அப்பாவைத் தவிர. அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் கேட்போம். பெரும்பாலும் கூத்துதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அப்பா டேப் டெக்கை எடுத்துப்போய் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள், பதினேழு இருக்கின்றன. விடிய விடிய நடந்த கூத்தைக் கேசட் மாற்றி மாற்றிப் பிடித்தது. நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோய், பெட்ரோமாக்ஸ் கொண்டுவரச் சொல்லி யாரோ கத்துவதுகூட இருக்கிறது.

இந்தக் கேசட்டுகளை இந்த ஆம்ப் வாசித்த முதல் நாளை நான் மறக்க மாட்டேன். பகல் நேரம், ஞாயிறு, சத்தம் நன்றாக வைத்திருந்தோம். பழைய செட்டில் கைத்தாளம் வெறும் 'சிங்' என்று ஒரு கோடு மாதிரிதான் கேட்கும். இதில் தாளம் மோதுவது தனியாக, அதன் அதிர்வு அடங்குவது தனியாகக் கேட்டது. நாயனம் மாதிரி ஊதுகிற முகவீணை காதைக் குத்தவில்லை. அப்பா ஸ்பீக்கருக்கு நடுவில் கையைக் காட்டி, கட்டியங்காரன் இங்கே நிற்கிறான், ஆர்மோனியம் இந்த ஓரம், முகவீணைக்காரர் என் வலது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று ஒவ்வொருவரையும் இடம் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய திடல் அப்படியே எங்கள் அறையில் விரிந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், கடன் வாங்கியாவது இதை வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரியே அதே கேசட்டை மெதுவாக வைத்தேன். ஐந்து நிமிடம் கேட்ட அப்பா சொன்னார்: "முகவீணைக்காரர் எழுந்து நடுவுக்கு வந்துட்டார்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன், டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். சத்தத்தைக் கூட்டினால் முகவீணை வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது, குறைத்தால் நடுவுக்கு நகர்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, நகர்வது அவர் இல்லை, மொத்தத் திடலும் இடது பக்கம் சாய்கிறது.

மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். போனில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை, டெக்கிலிருந்து வருகிற அளவுக்கே வைத்து உள்ளே அனுப்பி, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பார்த்தேன். சத்தக் குமிழின் கோடு கடிகார முள் மாதிரி 12 மணி நிலையில் இருக்கும்போது இடது 1.48, வலது 1.45. பிரமாதம். 9 மணியில் 0.52, 0.45. 8 மணியில், அதாவது நான் தினமும் ராத்திரி கேட்கிற இடத்தில், 0.20, 0.13. வோல்ட்டில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், பவர் கணக்கில் இடது பக்கம் வலதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கிட்டத்தட்ட 4 டெசிபல். இதைக் கேட்காமல் இருக்க முடியாது, ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் தினமும் கேட்கும்.

ஏன் இப்படி என்று கிருஷ்ணகிரியில் நான் வழக்கமாகப் போகிற மெக்கானிக் அண்ணன் பெட்டியைத் திறந்து காட்டினார். வால்யூம் கண்ட்ரோல் விரல் நகம் அளவுக்கு இருந்தது. ஒரே தண்டு, உள்ளே இரண்டு கார்பன் பட்டை, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. காது சத்தத்தை மடங்கு மடங்காக உணர்வதால் கண்ட்ரோல் பட்டையையும் ஒரே சீராகப் பூசுவதில்லை, தொடக்கத்தில் ஒரு விதமாகவும் மேலே போகப்போக வேறு விதமாகவும் பூசி ஒட்டவைக்கிறார்கள். தொடக்கப் பகுதியில் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, அங்கே இரண்டு பட்டைக்கும் இடையில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் விகிதத்தில் அது பெரிதாகிவிடும். பாதிக்கு மேல் திருகினால் அந்த வித்தியாசம் கரைந்துபோகும். பகலில் சத்தமாகக் கேட்கிறவருக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாது. ராத்திரி மெதுவாகக் கேட்கிறவருக்குத்தான் முழுத் தண்டனையும்.

அதோடு இந்தப் பெட்டிக்குப் பெருக்கம் வேறு அதிகம். கால் திருகுக்குள்ளேயே ராத்திரிக்குப் போதுமான சத்தம் வந்துவிடுகிறது, குமிழின் மீதி முக்கால் பங்கு ராத்திரியில் தேவையே படுவதில்லை. எந்தப் பகுதி மோசமாக இருக்கிறதோ அந்தப் பகுதியிலேயே தினமும் நிற்க வேண்டியிருக்கிறது. சிப்புக்கும் அட்டைப்பெட்டிக்கும் செலவு செய்கிறவர்கள் கையில் தினமும் படுகிற ஒரே உறுப்பில் போய் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நல்ல கண்ட்ரோலாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். அந்த அளவில் போர்டில் கம்பிக் கால்கள் பொருந்துகிற நல்லது கிடைக்கவில்லை, பெரியதைப் போட்டால் பெட்டியில் இடமில்லை. அண்ணன் வேறு வழி சொன்னார். ஆர்சிஏ கேபிளிலேயே பக்கத்துக்கு ஒரு 3.3 கே, அதாவது 3300 ஓம், ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஆம்ப் பக்கம் இருக்கிற அதன் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 கே. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்கச் சொன்னார், அப்போதுதான் இடதும் வலதும் ஒத்துப்போகும். உள்ளே போகிற சிக்னல் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகிறது, அதே ராத்திரிச் சத்தத்துக்கு இப்போது குமிழை 10 மணி வரை திருக வேண்டும். சாய்மானம் ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டது. மொத்தச் செலவு ஒரு டீ, பன்னுக்கு ஆகிற காசு. முகவீணைக்காரர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார், அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் பகலில் அந்தக் கேபிளோடு கேசட் போட்டால் சத்தம் பத்தாது. ஆகவே என்னிடம் ராத்திரிக் கேபிள் ஒன்று, பகல் கேபிள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியை நகர்த்தி ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருக வேண்டும், ராத்திரி மறுபடியும். ப்ளூடூத் என்றால் போனிலேயே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு குமிழை மேலே வைத்துவிடலாம், சிக்கல் இல்லை. டெக்கில் அந்த வசதி கிடையாது, அது அனுப்புவதை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மெதுவாகக் கேட்பதில் இன்னொரு விஷயமும் உண்டு, அதற்கு ஆம்ப்பைக் குறை சொல்ல முடியாது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ்தான் முதலில் காணாமல் போகும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து ஆம்ப்களில் லவுட்னெஸ் என்று ஒரு பட்டன் இருந்தது இதற்காகத்தான். யமஹாவின் ஏ-எஸ்301 மாதிரி ஆம்ப்களில் அதற்குத் தனிக் குமிழே உண்டு, ராத்திரி சத்தத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொள்ளலாம். ஓசூரில் நண்பர் வீட்டில் அந்த ஆம்ப்பில் என் கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்டேன். பேச்சுக் குரல் அளவுக்கு வைத்தும் மிருதங்கத்தில் கனத்த ஒலி தருகிற தொப்பிப் பக்கம் முழுசாகக் கேட்டது. விலை என் பெட்டியைப் போல் பல மடங்கு, அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. என் பெட்டியில் பாஸ் குமிழை ராத்திரி கூட்டி, பகலில் குறைக்கிறேன். அதுவும் ஒரு வேலை.

மொத்தத்தில் பார்த்தால் இந்த ஆம்ப் என்னை ஒரு நாளும் நடுவில் கைவிட்டதில்லை. ஒரு ரிப்பேர் இல்லை, அடாப்டர் போகவில்லை, ஸ்பீக்கரை எரிக்கவில்லை. இந்தக் காசுக்கு இவ்வளவு தெளிவான சத்தம் நான் வேறு எதிலும் கேட்டதில்லை. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் வரவு செலவு போட்டால் வரவுதான் அதிகம்.

இருந்தும் நேற்று ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று கேபிள் மாற்ற மறந்து, பதினொன்றரை மணிக்கு இருட்டில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன், அப்பா காத்திருந்து காத்திருந்து தூங்கிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. காசு சேர்த்து, குமிழ் நல்லதாக இருக்கிற ஒன்றை வாங்கு, பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். "அப்ப உங்களுதை எனக்குக் குடுத்துடுங்க மாமா" என்றான். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவன் கேட்கிற ஆள் இல்லை, ஆர்டர் போட்டாலும் போடுவான். போட்டால் 3.3 கே இரண்டு, 1 கே இரண்டு, நல்ல ஆர்சிஏ கேபிள் ஒன்று வாங்கிக்கொண்டு பெட்டியோடு சனிக்கிழமை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், சால்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது. பகலில் வர வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் வா என்றேன். பகலில் கேட்டால் இந்தக் குறை அவன் காதில் படவே படாது.