ஸ்டென்ட் வைத்த பிறகு: மருத்துவமனைப் பயிற்சியா, தெரு நடையா, யோகாவா, ஜிம்மா?

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து இரண்டு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்தது. உடற்பயிற்சிக்கு ஒரே வரிதான்: "மெதுவாக நடக்கவும்". எவ்வளவு நேரம், எப்போது வேகத்தைக் கூட்டலாம், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று எதுவும் இல்லை. பார்க்க வந்த சித்தப்பா "படியே ஏறாதீங்கண்ணே" என்றார். எதிர்வீட்டுக்காரரோ தான் மூன்றாம் மாதமே ஜிம்முக்குப் போனதாகச் சொன்னார். அப்பா யார் சொன்னதையும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழவே பயந்தார்.

முதலில் மருத்துவமனையில் நடக்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சியைப் பார்த்தேன். டாக்டர்கள் 'கார்டியாக் ரீஹேப்' என்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் என மாதக்கணக்கில் நடக்கும். டிரெட்மில் டெஸ்ட் அல்லது ஆறு நிமிட நடைச் சோதனை வைத்து, அவரவர் தாங்கும் அளவைக் கண்டுபிடித்த பிறகே தொடங்குவார்கள். நடக்கும்போது இசிஜி, ரத்த அழுத்தம் இரண்டையும் கவனிக்க ஆள் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு ஒன்று 2021இல் வெளியானது, 85 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 23,430 பேர். உடற்பயிற்சி மறுவாழ்வில் சேர்ந்தவர்களிடம் இதய நோய் இறப்பும் மறு ஹார்ட் அட்டாக்கும் குறைந்திருந்தன. இதில் கிடைக்கும் தைரியத்துக்கு வேறெதுவும் ஈடில்லை என்பேன். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் நிற்க ஒருமுறை வியர்த்து நடந்துவிட்டால், நெஞ்சுப் படபடப்பு எல்லாமே அட்டாக் இல்லை என்று உடம்புக்கே புரிகிறது.

குறை, தூரமும் பணமும். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு சுமார் 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது, நல்ல காரியம். ஆனால் அந்த ஸ்டென்ட் வைத்த இதயத்தை மறுபடி வேலைக்குப் பழக்கும் பயிற்சிக்கு எங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு ரூபாய்கூட இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது தெரு நடை. செலவில்லை, வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். வீட்டுப் பயிற்சியும் மருத்துவமனைப் பயிற்சிக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வுகளில் 'வீட்டுப் பயிற்சி' என்றால் திட்டம், நாட்குறிப்பு, விசாரிக்க ஒரு நர்ஸின் போன் எல்லாம் சேர்ந்தது. நண்பரோடு அரட்டையடித்துக்கொண்டு டீக்கடை வரை போய்வருவது அதில் சேராது. சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்கி, வாரம் சில நிமிடமாகக் கூட்டி முப்பது நிமிடத்துக்கு வர வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏற விடாது, அதனால் உச்சத் துடிப்பைக் கணிக்கும் '220 கழித்தல் வயது' என்ற கணக்கு பொருந்தாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதை நல்லதுதான், முதல் மாதத்துக்கு அல்ல.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108தான்.

யோகாவைப் பற்றி நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு யோகா வழி மறுவாழ்வு உதவுமா என்று இந்தியாவில் 24 மையங்களில் 3,959 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020இல் வந்தது. மறு அட்டாக், இறப்பு போன்றவற்றில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைச் சற்று மேலாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். ஆகவே நடையோடு சேர்த்துச் செய்யலாம், நடைக்குப் பதிலாக வேண்டாம். மூச்சை அடக்குவது, கபாலபாதி (மூச்சை வேகமாக வெளித்தள்ளுவது), சிரசாசனம் மூன்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஜிம் கடைசியில்தான். மூச்சைப் பிடித்து எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். ஸ்டென்ட் வைக்கக் குழாய் செலுத்திய மணிக்கட்டோ தொடையோ ஆற வேண்டும். ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் ஓடும்போது சின்ன இடிக்கே தோல் கன்றிப்போகும். டெஸ்ட் முடித்து, லேசான எடையில், மூச்சு விட்டபடி தூக்கினால் பலன் உண்டு. வேகமெடுத்து, நிதானித்து, மறுபடி வேகமெடுக்கும் இடைவெளிப் பயிற்சியும் மிதமான தொடர் பயிற்சியும் பெல்ஜியத்தில் 200 இதய நோயாளிகளிடம் ஏறத்தாழ ஒரே அளவு பலனைத்தான் தந்தன. அப்படியிருக்க அவசரம் எதற்கு?

நாங்கள் மூன்றைக் கலந்துகொண்டோம். தொடக்கத்தில் மருத்துவமனையில் நான்கு அமர்வு, அளவு தெரிந்ததும் வீட்டில் நடை, இரவில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. ஆறு நிமிடச் சோதனையில் முதல் நாள் அப்பா 340 மீட்டர் நடந்தார், எட்டு வாரம் கழித்து 430. போன வாரம் சித்தப்பா போன் செய்தபோது அப்பா மொட்டை மாடியில் நின்றிருந்தார். "படி ஏறி வந்துதாம்ப்பா பேசுறேன்" என்றார்.