சிஎன்என்னா, எல்எஸ்டிஎம்மா?

உடலில் அணியும் சென்சாரின் தரவை வைத்து ஒருவர் நடக்கிறாரா, படியேறுகிறாரா என்று கண்டுபிடிக்க, நான் முதலில் சிஎன்என்னைத்தான் (தரவில் சின்னச் சின்ன வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் நரம்பு வலையமைப்பு, ஒரு வகை செயற்கை நுண்ணறிவு மாதிரி) எடுப்பேன். இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் யுசிஐ தரவுத்தொகுப்பையே பாருங்கள்: 30 பேர், இடுப்பில் கட்டிய போன், நொடிக்கு 50 அளவீடு, 2.56 நொடிக்கு ஒரு துண்டு, அதாவது 128 புள்ளிகள். அந்தக் குட்டித் துண்டுக்குள், கால் தரையில் படும்போதெல்லாம் முடுக்கமானியில் (வேக மாற்றத்தை அளக்கும் சென்சார்) எழும் கூரான மேட்டை சிஎன்என் சட்டென்று பிடித்துவிடும், பயிற்சியும் சீக்கிரம் முடியும். எல்எஸ்டிஎம், அதாவது முன்பு வந்ததை நினைவில் வைக்கும் நரம்பு வலையமைப்பு, ஒவ்வொரு புள்ளியாக வரிசையில் போவதால் மெதுவு. ஆனால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நடக்கத் தொடங்குவது போல, முன்னால் நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டிய இடத்தில் அதுதான் கைகொடுக்கும். உட்கார்வதையும் நிற்பதையும் பிரிப்பதில் இரண்டுமே தடுமாறும், இடுப்பு அசையாதே! அப்புறம், சோதனைக்கு வைக்கும் ஆட்களின் தரவு பயிற்சியில் கலக்கவே கூடாது.