பழைய எம்எக்ஸ்-5இல் பிரேக், சஸ்பென்ஷன் மாற்றுகிறீர்களா? சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். "1.8 பிரேக்கும் புது ஷாக்கும் சேர்த்துப் போட்டுத் தருகிறோம்" என்று, அதாவது 1.8 லிட்டர் இன்ஜின் மாடலின் பெரிய பிரேக்கும் புது ஷாக் அப்சார்பரும் போடுவதாக, மொத்தமாக ஒரு தொகை சொல்லும் கராஜ்களிடம் கவனமாக இருங்கள். எனக்கு 1,850 பவுண்ட் பில் வந்தது. பில்லில் இருந்த வேலையில் பாதிக்கு மேல் காரில் இல்லை. செய்த வேலையும் காரைக் கெடுத்துத்தான் வைத்திருந்தது.

என் கார் 1990ஆம் ஆண்டு 1.6 லிட்டர் மாடல். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, பிறகு இங்கே இறக்குமதியானது. பில்லில் இருந்தவை இவை: முன்னும் பின்னும் 1.8 டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), நான்கு புது காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை), டாட் 4 வகை பிரேக் ஆயில், பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 ஷாக் நான்கு, காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது).

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலே உறுத்தும். 1994 மாடலில் 1.8 இன்ஜின் வந்தபோது மாஸ்டா முன் டிஸ்க்கை 235 மில்லிமீட்டரிலிருந்து 255க்கும், பின் டிஸ்க்கை 231இலிருந்து 251க்கும் பெரிதாக்கியது. காலிப்பரை மாற்றவில்லை. அதைத் தாங்கும் பிராக்கெட் மட்டும்தான் வேறு. அதனால் 1.6 காரை 1.8 பிரேக்குக்கு மாற்ற டிஸ்க்கும் பிராக்கெட்டும் அவற்றுக்கான பேடும் போதும். என் பில்லில் தேவையே இல்லாத காலிப்பர் நான்கு இருந்தது, கட்டாயம் தேவைப்படும் பிராக்கெட் ஒன்றுகூட இல்லை. ஷாக் கதையும் அப்படித்தான். பி6 என்பது காரின் அசல் உயரத்துக்கானது. தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு அதே நிறுவனம் பி8 என்று நீளம் குறைந்த ஷாக்கைத் தனியாகச் செய்கிறது.

காரை எடுத்து வந்த அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் இரும்பு மோதும் சத்தம். பிரேக் மிதித்தால் இடதுபக்கம் இழுத்தது. ஹேண்ட் பிரேக்கைக் கடைசிவரை தூக்கினாலும் சரிவில் கார் நிற்கவில்லை. கராஜ்காரருக்கு போன் செய்து, "அண்ணே, ஹேண்ட் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதே" என்றேன். "புது பேட் தம்பி, கொஞ்சம் ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்றார். புது பேட் டிஸ்க்கோடு பொருந்த கொஞ்சம் ஓட்டம் தேவை என்பது உண்மைதான். அதற்காக ஹேண்ட் பிரேக் ஒரேயடியாகப் பிடிக்காமல் போகாது.

வார இறுதியில் ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். முன் டிஸ்க் புதிது, ஆனால் டேப் வைத்தால் 235 மில்லிமீட்டர். அதாவது விலை குறைந்த 1.6 டிஸ்க். பின் டிஸ்க் என்னுடைய பழையதேதான், ஓரத்தில் தேய்மான விளிம்போடு அப்படியே இருந்தது. புது காலிப்பர் என்று எழுதியவை என் பழைய காலிப்பர்கள், மேலே சிவப்பு ஸ்பிரே அடித்திருந்தார்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேலும், அதன் ரப்பர் மூடி மேலும் பெயின்ட் பிசிறில்லாமல் படிந்திருந்தது. நிப்பிளைத் திறக்காமல் பிரேக் ஆயில் மாற்ற வழியே இல்லை. இடது முன் காலிப்பரைத் திறந்து பார்த்தேன், உள்ளே பழைய ஆயில்தான் இருந்தது. வலது முன் காலிப்பர் நகர வேண்டிய பின்கள் காய்ந்து இறுகிப்போயிருந்தன, அதனால்தான் இடதுபக்க இழுப்பு. பேட்டின் பின்தகட்டில் எந்த அச்சும் இல்லை. ஒப்புதல் பெற்ற மாற்று பேட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து, ஒரு நாட்டு எண், அடுத்து 90ஆர் என்று தொடங்கும் ஒப்புதல் எண் இருக்கும்.

ஹேண்ட் பிரேக்குக்குத்தான் எனக்கு அதிகக் கோபம். இந்தக் காரில் பின் காலிப்பரின் பிஸ்டனுக்குள் ஹேண்ட் பிரேக் இயக்கமும் சேர்ந்தே இருக்கிறது. புது பேட் போட இடம் வேண்டுமானால், காலிப்பரின் பின்புறம் உள்ள 14 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ விட்டுத் திருப்பி பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும். கிளாம்ப் வைத்து அமுக்கக் கூடாது. என் காரில் கிளாம்ப் தழும்பு பிஸ்டனிலேயே தெரிந்தது. அந்த 14 போல்ட்டில் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. உள்ளே இயக்கம் உடைந்துவிட்டது, பின் காலிப்பர் இரண்டும் போச்சு.

சஸ்பென்ஷன் இன்னும் மோசம். பி6 மஞ்சள் நிறத்தில் வரும், இதுவும் மஞ்சள்தான். ஆனால் திருகு மரையின் மேலும் மஞ்சள், நட்டின் மேலும் மஞ்சள், துருவின் மேலும் மஞ்சள். பாகத்தின் எண்ணையும் பெயின்ட் மூடியிருந்தது. வாயு அழுத்தம் உள்ள ஷாக்கின் தண்டை அமுக்கிவிட்டால் தானே வெளியே வர வேண்டும். இதில் அமுக்கிய இடத்திலேயே நின்றது. ஸ்பிரிங்? என் பழைய ஸ்பிரிங்கையே கிரைண்டரால் ஒரு சுற்று வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டிய முனை நீலம் பாய்ந்து கருகியிருந்தது. ஷாக் அடிவரை அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பின்னால் இரண்டிலும் இல்லை. சத்தம் அங்கிருந்துதான்.

அலைன்மென்ட் செய்தார்களா என்று பார்ப்பது ரொம்ப சுலபம். இந்தக் காரில் நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் ஒவ்வொரு ஆர்ம் தாங்கும் அமைப்பு), கோணத்தை மாற்றுவது கீழ் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டுகள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பட்டு அவை இறுகிப்போவது பிரசித்தம். திருப்பியிருந்தால் வாஷரைச் சுற்றிய துருக்கோடு உடைந்திருக்கும். என்னுடையதில் ஒன்றிலும் உடையவில்லை. காரைத் தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், அதனால் அலைன்மென்டைத் தவிர்க்க முடியாது. அச்சடித்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "தாள் எல்லாம் தர்றதில்ல" என்றால் வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. மாற்றங்களைச் சொல்லாவிட்டால் பின்னால் இழப்பீட்டில் சிக்கல் வரும் என்று இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் பெரிய பிரேக்கையும் தாழ்த்தியதையும் முறையாகச் சொல்லி, பிரீமியமும் கூடக் கட்டினேன். காரில் இல்லாத பிரேக்குக்கு.

பெரிய பிரேக் தேவையா என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கணக்கில் 940 கிலோ எடையுள்ள கார் இது, சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. நல்ல நிலையில் உள்ள பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும். அதற்கு மேல் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். டிஸ்க் பெரிதானால் வெப்பத்தைத் தாங்கும் சக்தி கூடும், அது ரேஸ் டிராக்கில் திரும்பத் திரும்ப மிதிப்பவருக்கு உதவும். சாலையில் ஓட்ட நல்ல பேட், புது ஆயில், தடையில்லாமல் நகரும் காலிப்பர் பின், இவ்வளவுதான். முன்னால் மட்டும் பெரிது பண்ணிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிரேக் சமநிலை முன்பக்கமே சாய்ந்துவிடும்.

சரி, பணம். ஆரம்பத்திலேயே கராஜ்காரர், "பில் வேணாம்னா வாட் இருபது பர்சன்ட் கழிச்சுக்கலாம் தம்பி" என்றார். நான் பில் கேட்டு வாங்கியதால்தான் எதையாவது நிரூபிக்க முடிந்தது. முன்பணம் 300 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன், மீதி வங்கி வழியாக. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இங்கேதான் கைகொடுத்தது. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

முதலில் கராஜுக்கு எழுத்தில் கேட்டேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், இல்லையென்றால் மறுபடி செய்து தரச் சொல்லவோ விலையைக் குறைக்கச் சொல்லவோ நமக்கு உரிமை உண்டு. "வேற யாரோ கழட்டி மாத்திட்டு எங்க மேல சொல்றீங்க" என்று பதில் வந்தது. எம்எக்ஸ்-5 வேலை மட்டுமே பார்க்கும் வேறொரு இடத்தில் காரைக் காட்டி, அளவுகளோடும் படங்களோடும் அறிக்கை வாங்கி கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். தொகை திரும்பி வந்தது, ஆனால் அறிக்கைக்கான செலவு வரவில்லை.

இப்போது காரில் அசல் அளவு டிஸ்க், 90ஆர் எண்ணுள்ள பேட், ரீகண்டிஷன் செய்த பின் காலிப்பர்கள், அசல் உயரத்தில் உண்மையான புது ஷாக். எம்ஓடி என்ற வருடாந்தர வாகனச் சோதனையில் ஹேண்ட் பிரேக்குக்குக் குறைந்தது 16 சதவீத பிரேக் திறன் வேண்டும், தாராளமாகத் தாண்டிவிட்டது. கராஜின் பெயரை எழுதாததற்குக் காரணம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாக, வணிக மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் புகார் போயிருக்கிறது. நீங்களும் மாட்டியிருந்தால் அதே வழியில் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள், கராஜிலேயே விட்டுவிட்டும் வராதீர்கள். என் வெட்டிய ஸ்பிரிங்குகளும் மஞ்சள் ஷாக்குகளும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.