தங்கச்சிமடத்துக் கணினி மையத்தில் வாக்காளர் சீட்டு: ஒரு மதிப்பீடு

தேர்தல் நெருங்கிவிட்டால், இராமேசுவரம் தீவின் கணினி மையங்களில் ரயில் முன்பதிவுக்கு வருவோரைவிட வாக்காளர் பட்டியலில் பெயர் பார்க்க வருவோரே அதிகம். தங்கச்சிமடம் கடைவீதியிலுள்ள அத்தகைய மையம் ஒன்றில் எங்கள் குடும்பத்தார் அனைவரின் விவரங்களையும் எடுத்தோம். ஒரு பெயருக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி முகவரி ஆகிய மூன்றையும் வாக்காளர் சீட்டாக ஒரே தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள்.

மூன்று எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட வாக்காளர் அட்டை எண் கையிலிருந்தால் இந்தச் செலவே தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம், 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். அட்டை தொலைந்தவர்களுக்குத்தான் இம்மையத்தின் அருமை தெரியும். என் பெரியப்பாவின் பெயர் 'அந்தோணி' என்று தேடியபோது அகப்படவில்லை. கணினியில் இருந்த பெண் சலிக்காமல் 'அந்தோனி' என மாற்றி, வயதையும் ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பிறகு, பழைய அட்டை பத்திரமாக இருப்பதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதால், இந்தப் பொறுமைக்குக் கொடுத்த பணம் வீண் இல்லை. பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6-ஐயும், முகவரி மாற்றமோ திருத்தமோ இருந்தால் படிவம் 8-ஐயும் அங்கேயே பதிவேற்றித் தருகிறார்கள். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வழியில்லை என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

பெரிய குறை வேறொன்று. அச்சிட்ட தாளுக்கு லேமினேஷன் போட்டு, "இதைக் காட்டினால் போதும்" என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் வாங்குகிறார்கள். அது தவறான தகவல். 2019 முதல் வாக்காளர் சீட்டை மட்டும் அடையாளச் சான்றாக ஏற்பதில்லை. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் முதலியவற்றுள் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் கிராமத்தாருக்கு மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் வழங்கப்பட்ட ஸ்மார்ட் அட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. பெட்டிக்குள் கிடக்கும் அதை நம் பகுதியில் பலர் மறந்தே போய்விட்டார்கள். ரேஷன் அட்டை செல்லாது.

சீட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார்கள். வாக்குச்சாவடிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால், வரிசை எண்ணைத் தாளில் வைத்திருப்பதே நல்லது. எண்பத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலிருந்தே வாக்களிப்பதற்கான 12-டி படிவத்தைப் பற்றிக் கேட்டபோது, "அதை பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம்) கேளுங்கள்" என்றார்கள், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல் விட்டதைப் பாராட்டலாம்.

சுவரில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்த தொகுதி இது. பெயரோடு சின்னத்தையும் வேட்பாளரின் புகைப்படத்தையும் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு, யாருக்கு வாக்குப் பதிவானது என்று காட்டும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடியில் ஏழு வினாடிகள் தெரியும் சீட்டையும் கவனிக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு விளக்க அந்தப் படம் உதவுகிறது. லேமினேஷனைவிட இதற்குக் காசு வாங்கியிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகுத் தொழிலாளர்கள் அனைவரும் கரையில் இருப்பார்கள்; மாலையில் இந்தக் கடையில் நிற்கவே இடம் கிடைக்காது. முற்பகலில் போவதே மேல். லேமினேஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடவும்.